பின் சீட்டில் யாருமில்லை

அத்தியாயம் 12

நாலரை மணிக்கு ரூத் விழித்துக்கொண்டாள். அலாரம் எதுவும் வைக்கவில்லை. இன்று சனிக்கிழமை என்று உடம்புக்கே தெரிந்திருந்தது.

செவ்வாய், வியாழன், சனி. ஆறு வருடங்களாக இந்த மூன்று நாட்களும் அவள் நாலரைக்கு எழுந்தாள். மாமியார் லூர்தம்மாளைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, ஆம்னி வேனின் பின் சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்து, சூலூரிலிருந்து பீளமேட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான்கு மணி நேரம் வாசலில் காத்திருந்து, திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தாள்.

லூர்தம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நாற்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. வேனைக்கூட விற்றாகிவிட்டது. ஆனால் சனிக்கிழமை மட்டும் இன்னும் நாலரைக்கே வந்து எழுப்பிவிடுகிறது.

பக்கத்தில் பாக்கியசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போன வாரத்துக்குப் பிறகு ரூத் அவர் முதுகைத்தான் அதிகம் பார்க்கிறாள்.

அடுத்து என்ன வண்டி வாங்குவது என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்ததுதான் காரணம். பாக்கியசாமி, அவர் தம்பி மெல்வின், மெல்வினின் மனைவி கரோலின் மூவரும் ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள். ரூத் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு ஜாலியா ஓட்டறதுக்கு ஒரு வண்டி வேணும். சின்னது. மிதிச்சாப் பறக்கோணும். பழசா இருந்தாலும் பரவால்ல.”

மெல்வின் சிரித்தான். கரோலின் சிரித்தாள். பாக்கியசாமி சிரிக்கவில்லை.

“பைத்தியமா உனக்கு? பின்னாடி ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கற மாதிரி இருக்கோணும். அதுதான் வண்டி!” என்று கத்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் கத்தி ரூத் கேட்டது மூன்று முறையோ நான்கு முறையோதான். மகள் நிதா மட்டும் ஓசூரிலிருந்து போனில், “நீ வாங்கும்மா, யாரையும் கேக்காதே” என்றாள்.

பணம் ரூத்துடையது. லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த நாட்களில் சேர்த்தது. வேன் விற்றதையும் சேர்த்தால் ஐந்து லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. வேலையை விட்டதும் மாமியாரின் செவ்வாய், வியாழன், சனிக்காகத்தான்.

எட்டு மணிக்கு அவள் கைப்பையை எடுத்தபோது பாக்கியசாமி சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

“நானும் வாரேன்.”

“கடை?”

“ஒரு நாள் தறிக்காரங்க போல்ட்டு நட்டு இல்லாம இருந்துக்குவாங்க.”

“வண்டியப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?”

நியாயமான கேள்விதான். கல்யாணமான புதிதில் பாக்கியசாமி நான்கு நாள் கார் பழகினார். ஐந்தாம் நாள் சர்ச் காம்பவுண்டுச் சுவரை இடித்தார். சுவரைத் தன் செலவில் பூசிக்கொடுத்ததோடு கிளட்சுக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது.

“ஒண்ணும் தெரியாது,” என்றார். “சும்மா வாரேன்.”

வேன் இல்லாததால் பஸ்ஸில்தான் போனார்கள். ராவத்தூர் பிரிவு தாண்டுவதற்குள் மெல்வினின் போன் வந்தது.

“அண்ணி, எங்க இருக்கீங்க?”

“பஸ்ல.”

“பஸ்லயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பனல்ல?”

ஆறு வருடமாக மெல்வின் சொல்லிவரும் வாக்கியம் அது. எப்போதும் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்வான்.

“கேளுங்க அண்ணி. என்ற பிரெண்டுகிட்ட ஒரு ஏழு சீட்டு வண்டி இருக்குது. அருமையான கண்டிசன். சாயந்தரம் நாலு மணிக்கு ஊட்டுக்கே ஓட்டிட்டு வாரேன். கரோலினும் வாரா. அவங்கம்மாவுக்கு அடுத்த மாசம் கண் ஆபரேசன் வெச்சிருக்குது. அதுக்கும் தோதா இருக்கும்.”

கரோலினின் அம்மாவை யார் வண்டியில் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

“பாக்கலாம் தம்பி,” என்று ரூத் போனை வைத்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

*

சிங்காநல்லூரில் அந்தக் கார் கன்சல்டிங் கடையை நடத்துபவர் பெயர் சீனிவாசலு. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பேச்சில் தேன். அவர் பாக்கியசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நேராக அவரையே ஒரு சிவப்பு வண்டியிடம் கூட்டிப்போனார்.

“ஒரே ஓனருங்க சார். லேடீஸ் ஓட்டின வண்டி. எடுத்தீங்கன்னா ஊட்டி மேல பஞ்சு மாதிரி ஏறும்.”

“அவங்களக் கேளுங்க,” என்றார் பாக்கியசாமி. “எனக்கு ஓட்டத் தெரியாது.”

சீனிவாசலு ஒரு நொடி திகைத்து, அதே தேனோடு ரூத்தின் பக்கம் திரும்பினார்.

வண்டி அழகாகத்தான் இருந்தது. சிவப்பு உடம்பு, கறுப்புக் கூரை, அகலமான சக்கரங்கள். விலையும் நாலரை லட்சம்தான். ரூத் ஒருமுறை அதைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்தாள். வாசனைத் திரவியம் குப்பென்று முகத்தில் மோதியது. அளவுக்கு மேல் வாசனை.

அவள் டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். பெல்ட் முழுக்க வெளியே வந்து, அதற்கு மேல் வராது என்று நின்றது. அந்தக் கடைசி ஒரு சாண் துணியில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு பழுப்புக் கறை.

சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் நகரும் இரும்புச் சட்டத்தைத் தடவினாள். விரலில் துரு ஒட்டியது.

“எந்த வெள்ளத்துலங்க நின்னுது?”

“ஐயோ, வெள்ளமெல்லாம் இல்லீங்கம்மா. சென்னை வண்டி, ஆனா…”

“சென்னை வண்டின்னு நம்பர் பாத்தாத் தெரியுது. எந்த வருசத்து வெள்ளம்னு கேக்கறேனுங்க.”

சீனிவாசலு பெல்ட்டைப் பார்த்தார். ரூத்தைப் பார்த்தார். பிறகு, தோற்றதை மரியாதையாக ஒப்புக்கொள்ளும் குரலில், “டீ சாப்படறீங்களா அம்மணி?” என்றார்.

வெளியே வந்ததும் பாக்கியசாமி கேட்டார். “இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?”

“உங்கம்மா உள்ள இருந்தப்ப.”

அவருக்குப் புரியவில்லை.

“நாலு மணி நேரமுங்க. வாரத்துக்கு மூணு நாளு. உள்ள ஒக்கார உட மாட்டாங்க. பார்க்கிங்ல ஆம்புலன்ஸ் டிரைவருங்க, டாக்ஸிக்காரங்க எல்லாம் இருப்பாங்க. பழைய வண்டி வீடியோ பாத்துட்டே இருப்பாங்க. நானும் பார்க்க ஆரம்பிச்சேன். எந்த வண்டி எத்தனை செகண்டுல நூறு தொடும்னு கேளுங்க, சொல்றேன்.” ரூத் கைக்குட்டையால் விரலிலிருந்த துருவைத் துடைத்தாள். “வேன் நாப்பதுக்கு மேல போனதில்ல. போனுக்குள்ள எரநூறுல போயிட்டு இருந்தேன்.”

ஆறு வருடத்தில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அந்த நான்கு மணி நேரம் நீ என்ன செய்தாய் என்று. டவுன் பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

*

ஆரிஃப் பீளமேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். முப்பது வயதிருக்கும். தன் வண்டியை அபார்ட்மென்ட் நிழலில் நிறுத்தி, அதன் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் அண்ணனைப் போல நின்றிருந்தான்.

வெள்ளை வண்டி. ஓரத்தில் சிவப்புப் பட்டை. முகப்பில் ஒரு தேள்.

“தேளா?” என்றார் பாக்கியசாமி.

“ஆமாங்ணா. இத்தாலிக்காரன் வண்டி. சின்னதா இருந்தாலும் நூத்தி நாப்பத்தஞ்சு குதிரை. ஆனா கம்பெனி இப்ப இந்தியாவுல இல்லீங்ணா, பார்ட்ஸுக்குக் கொஞ்சம் அலையோணும். இந்த லெஃப்ட் டோர்ல நான்தான் தூண்ல ஒரசிட்டேன். கிளட்ச் போன வருசம் மாத்துனேன், பில் இருக்குது.” குறைகளை முதலில் சொல்லி முடித்துவிட்டு அவன் மூச்சு விட்டான்.

ரூத் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. சூடான எஞ்சினில் குறை தெரியாது, நாங்கள் வருமுன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தாள், சொன்னபடி இருந்திருக்கிறான். பெல்ட்டை இழுத்தாள், சுத்தம். கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இல்லை; விபத்தில் கழற்றி மாட்டிய வண்டி அல்ல. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு உறுமலோடு எழுந்து, மெதுவாக அடங்கி நின்றது.

“எதுக்குங் தம்பி விக்கறீங்க?”

“ஊட்டுக்காரி மாசமா இருக்குறாங்க்கா. அத்தாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, மூட்டு வலி, இதுல எறங்கி ஏற முடியல. எல்லாரும் ஒண்ணாப் போற மாதிரி ஏழு சீட்டு வண்டி வாங்குன்றாங்க.” அவன் தேளைத் தடவினான். “சரிதானுங்க்கா. ஆனா நேத்து ராத்திரி தூக்கம் வரல.”

அவன் ஐந்தரை லட்சம் கேட்டிருந்தான். ரூத் ஐந்து என்றாள். மூன்று மணிக்கு ஈரோட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்று சொல்லிவிட்டு, “மொதல்ல ஓட்டிப் பாருங்க்கா” என்றான்.

அவன் முன்னால் உட்கார, பாக்கியசாமி பின்னால் தலையைக் குனிந்து நுழைந்துகொள்ள, ரூத் ஓட்டினாள். அவிநாசி ரோட்டில் ஏறும்வரை நாற்பது. ஏறிய பிறகும் நாற்பது. ரோட்டில் ஒரு ஒட்டுப் பள்ளம் தெரிந்தால் முப்பது. டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது.

“இன்னும் கொஞ்சம் மிதிங்க்கா. எஞ்சின் சுத்து ரெண்டாயிரம் தாண்டுனாத்தான் டர்போ முழிக்கும்.”

“மிதிக்கறேன் தம்பி.”

மிதிக்கவில்லை. ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார்கள். ஆரிஃப் இறங்கிக்கொண்டு சொன்னான். “நான் இருக்கறனால உங்களுக்குக் கூச்சமா இருக்குது போலருக்குது. அண்ணனக் கூட்டிட்டு பைபாஸ் வரைக்கும் போயிட்டு வாங்க.” பிறகு நெளிந்துகொண்டே, “ஆதார் கார்டு மட்டும் குடுத்துட்டுப் போங்க்கா, தப்பா நெனைக்காதீங்க” என்றான்.

இரண்டு பேரின் ஆதாரையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

நீலாம்பூர் தாண்டி பைபாஸ் திறந்து கிடந்தது. மதிய வெயிலில் லாரிகள்கூட அதிகமில்லை. இந்த மாதிரி ஒரு ரோட்டை, இந்த மாதிரி ஒரு வண்டியில், ரூத் ஆறு வருடமாகப் போனுக்குள் பார்த்திருக்கிறாள். கியர் கையில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஸ்டீயரிங் அவள் நினைப்பதற்கு முன்பே திரும்பியது.

முள் நாற்பதில் நின்றது.

அவள் காலைப் பார்த்தாள். அது ஆக்ஸிலரேட்டரின் மேல் இறகு வைத்ததுபோல இருந்தது. அழுத்து என்றாள் மனதுக்குள். கால் கேட்கவில்லை. தூரத்தில் ரோட்டில் ஒரு சின்ன மேடு தெரிந்ததும் அது தானாகவே பிரேக்குக்குப் போனது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது லூர்தம்மாளுக்கு பிரஷர் இறங்கிக் கிடக்கும். ஒரு சின்னக் குலுக்கலுக்கும் பின்னாலிருந்து முனகல் வரும். “மெதுவாக் கண்ணு. மெதுவா.” அதட்டியதில்லை, கெஞ்சுவாள். அதுதான் தாங்காது. அந்த முனகல் வராமல் ஓட்டுவதற்கு ரூத்தின் கால் ஆறு வருடம் பழகியிருந்தது.

மேட்டை எறும்புபோல ஏறி இறங்கினாள். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை. அதுவும் பழக்கம்.

பக்கத்திலிருந்த பாக்கியசாமி அவள் பார்த்ததைப் பார்த்தார்.

“ரூத்து.”

“ம்.”

“பின்னாடி யாருமில்ல.”

அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை ரோட்டுக்குத் திருப்பினாள்.

“அம்மா போயிட்டாங்க ரூத்து. பின்னாடி யாருமில்ல. நீ போ.”

ரூத்தின் கண்ணில் ரோடு ஒருமுறை கலங்கித் தெளிந்தது. மூன்றாவது கியருக்கு இறக்கினாள். அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டி யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோலப் பாய்ந்தது. முதுகு சீட்டில் அழுந்தியது. அறுபது, எண்பது, தொண்ணூறு. பாக்கியசாமி “ஏசுவே” என்று மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரூத் நான்காவதுக்கு மாற்றினாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று தெரிய அவளுக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

*

பைபாஸ் ஓரத்து பேக்கரியில் நிறுத்தினார்கள். ரூத் இரண்டு டீ சொன்னாள். முட்டை பப்ஸ் சூடாக இருக்கிறது என்றான் கடைக்காரன். பாக்கியசாமி வேண்டாமென்று தலையாட்டினார்.

“வாங்கிக்க,” என்றார்.

“பப்ஸா?”

“வண்டிய.”

ரூத் டீயைக் கீழே வைத்தாள். “போன வாரம் என்னைப் பைத்தியம்னீங்க.”

“இப்ப வாங்கிக்கன்றேன்.”

“அப்படியில்லீங்க. நீங்க கத்தற ஆளே இல்ல. ஏன் கத்துனீங்க? ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கோணும்னு சொன்னீங்க. யாருங்க படுக்கோணும்? அத்தைதான் இல்லியே?”

பாக்கியசாமி பைபாஸைப் பார்த்தார். ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, மேசையின் ஈரமில்லாத பக்கமாகப் பார்த்து வைத்தார்.

ரூத் பிரித்தாள். பதினைந்து வருடம் லேபில் இருந்தவளுக்கு அதைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. காந்திபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஒன்று புள்ளி எட்டு, இருக்க வேண்டியதைவிட அதிகம். லூர்தம்மாளுக்கு இருந்த அதே நோய்.

இது குடும்பத்தில் வருகிற நோய் என்று லூர்தம்மாளைப் பார்த்த அன்றைக்கே டாக்டர் சொன்னார். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு; மகன்கள் இரண்டு பேரும் ஒருமுறை வெறும் வயிற்றோடு வந்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். மெல்வின் போய் எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்துவிட்டான். பாக்கியசாமி அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றார். ரூத் நான்கு முறை சொன்னாள். பிறகு மறந்துபோனாள். அவ்வளவு களைப்பாக இருந்தது அப்போது.

“தேதி மூணு வாரத்துக்கு முந்தி இருக்குது,” என்றாள்.

“தலைவலி நிக்கல. பஸ் ஏறிப் போயி எடுத்தேன். டாக்டரையும் பாத்துபோட்டேன். இப்பத்தைக்கு மாத்திரை போதுமாம். உப்பு கொறைக்கோணும், பிரஷர் ஏறாமப் பாத்துக்கோணும். அஞ்சு வருசமோ பத்து வருசமோ, ஒண்ணுமே ஆகாமக்கூட இருக்கலாமாம்.”

“மூணு வாரமா எங்கிட்ட ஏனுங்க சொல்லல?”

அவர் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“ஆறு வருசமா நீ ஒழுங்காத் தூங்குனதில்ல. அம்மா போனதுக்கப்பறம் ஒரு நா மத்தியானம் கூடத்துல தூங்கிட்டு இருந்த. வாயத் தொறந்துட்டு. நான் வந்து நின்னதுகூடத் தெரியல. ஒரு மாசமாவது தூங்கட்டும்னு நெனச்சேன்.” டீயை ஒரு வாய் குடித்தார். “அதுக்குள்ள நீ சின்ன வண்டின்ன. எனக்குப் பயமாப் போச்சு. நாளைக்கு நானும் அதே மாதிரி… அதான் கத்திபோட்டேன்.”

“அப்பறம் எப்படி இப்ப வாங்கிக்கன்றீங்க?”

“நீ சிரிச்ச,” என்றார் பாக்கியசாமி.

ரூத்துக்கு அழுகை வரவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று மனம் ஒருமுறை எண்ணிப் பார்த்தது. நாலரை மணி, கஞ்சி, தலையணை, பார்க்கிங். உடம்பெல்லாம் அந்த பெஞ்சில் அப்படியே இறங்கிவிட்டது போலிருந்தது. எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினாள். ஒருமுறை கழுவியது போதவில்லை. திரும்பவும் கழுவினாள்.

திரும்பி வந்து உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

“இன்னும் பத்து வருசம் கழிச்சு வரப்போறதுக்கு இன்னைக்கே பெரிய வண்டி வாங்கி வாசல்ல நிறுத்தோணும். நான் தினமும் காலையில எந்திரிச்சு அந்தப் பின் சீட்டப் பாக்கோணும். அப்படித்தானே?”

“ரூத்து…”

“என்னால முடியாதுங்க. நீங்க படுக்கறதுக்கு முந்தியே உங்களப் படுக்க வெக்க என்னால முடியாது. அந்த நாளு வந்தா வரட்டும். அன்னைக்கும் நான்தான் ஓட்டுவேன், அது உங்களுக்கும் தெரியும். ஆனா அதுவரைக்கும் நீங்க முன்னாடி என் பக்கத்துல ஒக்காருங்க. எந்திரீங்க.”

அவர் எழுந்தார். அவள் காரின் கதவைத் திறந்து, முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, சீட் ஓரத்துக் குமிழைத் திருகித் திருகிச் சாய்த்தாள்.

“படுங்க.”

“இங்கயா? ஆளுங்க பாக்கறாங்க.”

“பாத்தாப் பாக்கட்டும். படுங்க.”

பாக்கியசாமி படுத்தார். ரூத் அவர் காலைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள்.

“முட்டி இடிக்குதா?”

“இல்ல.”

“தலை?”

“நல்லாத்தான் இருக்குது.”

“அப்ப இது போதும்,” என்று ரூத் கதவைச் சாத்தினாள். ஓட்டும் பக்கம் வந்து உட்கார்ந்து, கிளம்புமுன் மெல்வினைக் கூப்பிட்டாள்.

“தம்பி, சாயந்தரம் அந்த வண்டியக் கொண்டார வேண்டாம். நீயே வெச்சுக்க. கரோலின் அம்மாவ ஆஸ்பத்திரிக்கு நீ கூட்டிட்டுப் போக அதுதான் தோதா இருக்கும்.”

மறுமுனையில் மெல்வின் பேசத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டாள். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் பாக்கியசாமி சாய்ந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒருமாதிரி பார்த்தார்.

*

ஆரிஃப் வாசலிலேயே நின்றான். பாக்கியசாமி படுத்தபடி வந்து இறங்கியதும் பதறிப்போனான்.

“என்னாச்சுங்ணா? வேகத்துல மயக்கம் வந்துருச்சுங்களா?”

“தூங்கிட்டு வந்தேன் தம்பி,” என்றார் பாக்கியசாமி.

“எந்நேரமும் நான் ஓட்டுவேன். இவரு பக்கத்துல இருப்பாரு. அதுக்குச் சரியா இருக்குமான்னு பாத்தோம்,” என்றாள் ரூத். “அஞ்சுக்கு மேல எங்கிட்ட இல்லீங் தம்பி. மறைக்கக் கூடாதில்ல.”

ஆரிஃப் தேளைப் பார்த்தான். பிறகு ஈரோட்டுக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாங்க என்றான். ரூத் கைப்பையிலிருந்து அட்வான்ஸை எடுத்துக் கொடுத்தாள். பேப்பர் மாற்ற திங்கட்கிழமை வருகிறேன் என்று அவன் ஆதார்களைத் திருப்பித் தந்தான்.

அப்போது அவள் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. நிதா.

பாக்கியசாமியின் முகம் மாறியது. அவர் மூன்று வாரமாக எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தார் என்று ரூத்துக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தன்னைப் பற்றி மட்டும் இல்லை, மகளைப் பற்றியும்.

“அவகிட்ட இப்ப வேண்டாம் ரூத்து,” என்றார், ஆரிஃபுக்குக் கேட்காத குரலில். “இருபத்து மூணு வயசுப் புள்ள.”

இவரிடம் ஸ்கேன் எடுக்க நான்கு முறை சொல்லிவிட்டு மறந்துபோனதை ரூத் நினைத்துக்கொண்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

“எடுத்தாச்சாம்மா? காட்டு, காட்டு!”

ரூத் போனைத் திருப்பி வண்டியைக் காட்டினாள். சிவப்புப் பட்டை, தேள், அகலச் சக்கரம். நிதா அந்தப் பக்கத்தில் போட்ட கூச்சலில் ஆரிஃப்கூடச் சிரித்துவிட்டான்.

“ஐயோ அம்மா! சூப்பர்! அப்பா எப்படி ஒத்துக்கிட்டாரு? அடுத்த வாரம் மூணு நாள் லீவு வருது. ராத்திரி பஸ் ஏறுனா விடியக்காலம் வந்துருவேன். வந்த உடனே நான்தான் ஓட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன்!”

“ஓட்டு கண்ணு. நீதான் ஓட்டற.” குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள் ரூத். “ஆனா வர்றப்ப வழியில ஒண்ணும் சாப்பிடாதே. டீகூட வேண்டாம். வெறும் வயித்தோட வா.”

பாக்கியசாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரையில் நிதாவின் சிரிப்பு இன்னும் முழுதாக மறையவில்லை.

“எதுக்கும்மா?”